மலையில் காது, கரிசலில் கண்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மலை என்றால் குற்றாலம், கொடைக்கானல். பாலைவனம் என்றால் சினிமாவில் ஒட்டகம் வருகிற இடம். அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டே இரண்டையும் இரண்டு நாளில் பார்த்துவிடலாம், அதுவும் பறவைகளுக்காகவே போய் வரலாம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கடந்த தை மாதம் நாங்கள் ஐந்து பேர் போய் வந்தோம். ஐவருமே ஓய்வு பெற்றவர்கள். மூணு பேர் மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்கள். ஒருவர் மட்டும் வாத்தியார்.

கூட்டிப்போனது ஶ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர். படித்தது வேறு, பிழைப்பது வேறு, மனசெல்லாம் பறவை. வனத்துறை அனுமதி, வேன், பைனாகுலர் எல்லாம் அவரே ஏற்பாடு செய்தார். வாடகையை ஐந்தாகப் பிரித்துக்கொண்டோம். தம்பி போட்ட திட்டம் இதுதான்: முதல் நாள் காலை செண்பகத்தோப்பு மலையடிவாரம், ராத்திரி அவரவர் வீடு. மறுநாள் விடியற்காலை திருச்சுழிப் பக்கத்துக் கரிசல், சாயந்தரம் திருச்செந்தூர் வட்டாரத்துச் செம்மணல் தேரி.

போவதற்கு முன் என் காதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நூற்பாலையில் 34 வருடம் இருந்தேன். ரிங் பிரேம் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். அந்தக் காலத்தில் காதில் பஞ்சை வைத்துக்கொள்வதுதான் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்? ஓய்வுக்குப் பிறகு மதுரையில் ஒரு டாக்டர் காதைச் சோதித்து ஒரு வரைபடம் கொடுத்தார். தாழ்ந்த சத்தங்களுக்கு நேராகப் போகிற கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. இரைச்சலில் வேலை பார்த்தவர்கள் காதில் முதலில் அடிபடுவது அந்த இடம்தானாம். வயது ஏற ஏற அதற்கு மேலே உள்ளதும் போகும். காதுக் கருவி வைத்துக்கொள்ளச் சொன்னார். "பேச்சு கேக்குதே டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் டிவி சத்தத்துக்காக மட்டும் தினமும் ஒரு சண்டை.

செண்பகத்தோப்புக்கு வேன் போய்ச் சேர்ந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் இல்லை, எங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்துகொண்டிருந்தது. கிழக்கு வெயில் மலை முகத்தில் விழ, மரமெல்லாம் ஒவ்வொன்றாக நிறம் மாறியது. அது சாம்பல் நிற அணில்களுக்காக 1988ல் அறிவிக்கப்பட்ட சரணாலயப் பகுதி. 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகிவிட்டது. உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் அந்த அணிலே ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவிப் போனது. வால் மட்டும் ஒரு முழம் இருக்கும்.

பறவைகள் அப்படிக் காட்சி தரவில்லை. மலைக்காட்டில் இலை அடர்த்தி. பறவை பத்தடி தூரத்தில் இருந்தாலும் தெரியாது. அங்கே பறவை பார்ப்பது என்பதே பாதிக்கு மேல் பறவை கேட்பதுதான். தம்பி நடந்துகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "அது பூக்கொத்தி, மேல வெள்ளைக்கண்ணி ஒரு கூட்டம், அந்தப் பக்கம் கதிர்க்குருவி" என்று சொல்லிக்கொண்டே போனார். வாத்தியார் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மற்றவர்கள் "ஆமா, ஆமா" என்றார்கள். எனக்கு ஓடைத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. என் தலைக்கு மேல் ஒரு சந்தையே நடக்கிறது, நான் மட்டும் பூட்டிய கடைத்தெருவில் நிற்கிறேன்.

தம்பி கவனித்துவிட்டார். பக்கத்தில் வந்து மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "ஐயா, இந்தச் சின்னக் குருவிங்க குரலெல்லாம் 5000, 8000 ஹெர்ட்ஸ்ல இருக்கும். மனுசப் பேச்சு பெரும்பாலும் 4000க்குக் கீழதான். கேக்காததை விடுங்க. கேக்குறதைச் சொல்லுங்க."

நின்று கேட்டேன். தூரத்தில் செம்போத்து "ஊப், ஊப்" என்றது. குக்குறுவான் விடாமல் கத்தியது. ஒரு மயில். அப்புறம் ஓடைப் பாறைப் பக்கமிருந்து யாரோ ஒரு பையன் மெட்டு தெரியாமல் சீட்டியடிக்கிற மாதிரி ஒரு சத்தம். "யாருப்பா அது?" என்றேன். தம்பிக்கு ஒரே சிரிப்பு. "சீகாரப் பூங்குருவி ஐயா. மலபார்ப் பக்கம் இதைச் சீட்டியடிக்கிற பள்ளிக்கூடப் பையன்னுதான் சொல்லுவாங்க. இன்னிக்கு இதை முதல்ல கேட்டது நீங்கதான்." அன்றைக்கு மத்தியானம் வரை மற்றவர்கள் பட்டியலில் 38 பெயர். என் பட்டியலில் 11.

மறுநாள் கதை வேறு.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி 15 கிலோமீட்டர். எங்களுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போகிற ரோடு. ரமண மகரிஷி பிறந்த ஊர், குண்டாறு, திருமேனிநாதர் கோயில் என்று பெருமை சொல்ல நிறைய உண்டு. ஊருக்கு வெளியே கிடக்கிற பொட்டலைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. "அங்க என்னங்க இருக்கு?" என்பதுதான் வழக்கமான பேச்சு. அடங்கலிலும் அதற்குத் தரிசு என்றுதான் பெயர்.

வேனை ஓரமாக நிறுத்தி இறங்கினோம். சோளத்தட்டை அறுத்த கரிசல், நடுவில் காய்ந்த புல்வெளி, அங்கங்கே ஒரு பனை. முதலில் கம்பியில் ஒரு பனங்காடை. உட்கார்ந்திருக்கையில் மண் நிறம்தான். பறந்ததும் சிறகில் விரிந்த நீலம் இருக்கிறதே! போன வருடம் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். புரை மஞ்சள் கண்ணாடி மாதிரி, நீலத்தைத்தான் முதலில் மறைக்கும் என்று அப்போது சொன்னார்கள். இத்தனை வருடம் நான் பார்த்த பனங்காடைகளையெல்லாம் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன் போல.

அந்த வெளியில் என் கண்தான் முந்தியது. கட்டாந்தரையில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி இரண்டை நான்தான் காட்டினேன். கல்லோடு கல்லாக உட்கார்ந்திருந்த கல்கௌதாரிகளையும்தான். ஆறு இருந்தன. அந்தப் பறவையில் ஆண் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வரும், குஞ்சுகள் அந்த ஈரத்தை உறிஞ்சிக் குடிக்கும் என்று தம்பி சொன்னார். குடம் சுமந்து வளர்ந்த எங்கள் ஊருக்குப் பொருத்தமான பறவை.

பிறகு வந்தது பூனைப்பருந்து. புல்லுக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில், சிறகை மேல்நோக்கிப் பிடித்தபடி, வெளிர் சாம்பல் நிறத்தில் சத்தமில்லாமல் மிதந்து வந்தது. சிறகு நுனி மட்டும் கறுப்பு. கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இந்தியா வருகிற பருந்து வகை இது. முதுகில் கருவி மாட்டிச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். மரத்தில் தங்காது. ராத்திரி திறந்த வெளியில், புல்லுக்குள்ளே தரையில்தான் கூட்டமாகப் படுக்கும்.

"முகத்தைப் பாருங்க ஐயா, ஆந்தை மாதிரி வட்டமா இருக்குல்ல? புல்லுக்குள்ள எலி ஓடுற சத்தத்தைக் கேட்டே பிடிக்கும்" என்றார் தம்பி. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, எங்கள் தரிசில் காதைத் தீட்டிக்கொண்டு வேட்டையாடுகிறது ஒன்று. நான் பைனாகுலரை இறக்கவே இல்லை.

இறக்கியபோதுதான் அந்த வெளியின் ஓரத்தில் வரிசையாகக் கல் ஊன்றியிருந்தது தெரிந்தது. பிளாட் போடுகிறார்கள். இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. நம் வட்டாரத்தில் கருவையைத் திட்டுவது சுலபம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. மயிலும் கௌதாரியும் அதன் நிழலில்தான் ஒதுங்குகின்றன. ஆனால் வெளியைக் கருவை அடைத்துவிட்டால் பூனைப்பருந்துக்கும் கல்கௌதாரிக்கும் இடம் இல்லை. பக்கத்தில் கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. மின்சாரம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அடுத்த திட்டத்துக்கு இடம் தேடுகிறவர்கள், ஒன்றுமில்லாத நிலம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை தை மாதம் வந்து நின்று பார்த்தால் நல்லது.

வேனில் தூத்துக்குடி ரோட்டில் போகும்போது தம்பி கானமயில் கதையைச் சொன்னார். ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வறண்ட புல்வெளிகளிலும் இருந்தது. இன்று நாடு முழுக்க எண்ணினாலும் 150க்குக் குறைவு, பெரும்பாலும் ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம். வேட்டை, மேய்ச்சல் வெளிகள் போனது, இப்போது மின்கம்பிகள். நேர் எதிரே இருக்கிற கம்பி அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. உச்சநீதிமன்றம் வரை வழக்குப் போய், 2021ல் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு வந்தது. 2024ல் அதை மாற்றி நிபுணர் குழு அமைத்தார்கள். வாத்தியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம ஊர்ல கடைசிக் கானமயில் போனப்ப யாராவது எழுதி வச்சாங்களா?" வேனில் யாரும் பதில் சொல்லவில்லை.

குதிரைமொழித் தேரிக்கு நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குங்குமத்தைக் கொட்டிக் குவித்த மாதிரி மேடும் பள்ளமுமாகச் செம்மணல். பல்லாயிரம் வருடமாகக் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல். மணல் துகள் மேல் இரும்புத் துரு படிந்த நிறம் அது. மழைக் கணக்குப் பார்த்தால் இது பாலைவனம் இல்லை. ஜெய்சல்மேரில் பெய்வதைப் போலப் பல மடங்கு இங்கே பெய்கிறது. பெய்ததை மணல் நிறுத்திவைப்பதில்லை, அவ்வளவுதான். உடைமரம், கொல்லாமரம், பனை. கால் புதையப் புதைய நடந்தோம். எங்கள் வயதுக்கு மலையைவிட இதுதான் மூச்சு வாங்கியது.

பொழுது சாய்ந்தபின் வண்டிப்பாதை ஓரமாக உட்காரச் சொன்னார் தம்பி. பேசக்கூடாது. இருட்டு இறங்கியது. அப்போது கேட்டது. கோலிக்குண்டைச் சிமெண்டுத் தரையில் போட்டால் முதலில் விட்டுவிட்டும் பிறகு நெருக்கமாகவும் துள்ளுமே, அதே சத்தம். எனக்குக் கேட்டது! ஒரு தட்டுக்கூட விடாமல் முழுசாகக் கேட்டது. தம்பி டார்ச்சைத் தரையோடு அடித்தார். மணலில் இரண்டு சிவப்புக் கண்கள்.

"பக்கி" என்றார்.

சின்ன வயதில் எங்கள் அம்மா என்னை ஆயிரம் தடவை திட்டிய வார்த்தை. அந்தப் பெயரில் ஒரு பறவை இருப்பது எனக்கு 68 வயதில் தெரிந்தது. நண்பர்கள் சிரித்த சிரிப்பில் பக்கி பறந்துவிட்டது.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் மதுரைக்குப் போய்க் காதுக் கருவி வாங்கிக்கொண்டேன். பேச்சுதான் கேட்கிறதே என்று இருந்தவனை மலையில் கேட்காமல் போன அந்த 27 பெயர்கள்தான் அனுப்பிவைத்தன. போனதெல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கொல்லைப்புறச் செம்பருத்தியில் தேன்சிட்டு கத்துவது கேட்கிறது. சென்னையிலிருந்து போனில் பேசும் பேத்தி "ச", "ஸ" சொல்வது கேட்கிறது. டிவி சண்டை நின்றதில் வீட்டம்மாவுக்குத்தான் ஏக மகிழ்ச்சி.

ஞாயிறு காலைகளில் வாத்தியாரும் நானும் திருச்சுழிப் பொட்டலுக்குப் போகிறோம். பார்த்ததைத் தேதி, நேரம், எண்ணிக்கையோடு இ-பேர்டு என்ற இணையப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். பெயர் தெரியாததற்குத் தம்பி போனில் உதவுகிறார். பங்குனி வந்ததும் பூனைப்பருந்துகள் கிளம்பிவிட்டன. கல் ஊன்றிய இடத்தில் இப்போது ஒரு கம்பி வேலியும் வந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பருந்துகள் திரும்ப வரும்போது மீதி வெளி இருக்குமா என்பது எங்கள் கையில் இல்லை. ஆனால் இங்கே என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், இத்தனாம் தேதி, இத்தனை மணிக்கு, இத்தனை என்று காட்டுவதற்கு எங்களிடம் கணக்கு இருக்கும்.

வருடா வருடம் பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்று எண்ணினால் போதும், வீட்டு மொட்டை மாடியாக இருந்தாலும் சரி. நம் வயதுக்காரர்களுக்கு ஏற்ற வேலை. காது மந்தமானவர்கள் கரிசலுக்கு வாருங்கள். கண் மந்தமானவர்கள் மலைக்குப் போங்கள். இரண்டும் நன்றாக இருப்பவர்கள் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தால் எங்கள் தோளுக்குச் சுமை குறையும்.