தொப்பூர் இறக்கம்

அவசரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். ஊசி போடுமுன் மருந்துக் குப்பியின் பெயரை இரண்டாம் முறையும் படிப்பது என் வழக்கம். சுற்றி நிற்பவர்கள் பதறுவர். சிலர் கடிந்தும் கொள்வர். அவ்வேளைகளில் என் தாய்மாமாவை நினைத்துக்கொள்வேன்.

நாமக்கல்லில் லாரியோடு தொடர்பில்லாத குடும்பங்கள் குறைவு. மாமா முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். நான் பதினொன்றாம் வகுப்பு முடித்த கோடையில், நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிவரும் பயணத்தில் என்னையும் உடன் அழைத்துச் சென்றார்.

திரும்பும் வழியில் டயர் வெடித்து ஐந்து மணி நேரம் வீணாயிற்று. விடிவதற்குள் சேலம் லீ பஜாரில் சரக்கு இறங்க வேண்டும். சரக்கின் உரிமையாளர் கைப்பேசியில் ஓயாமல் அழைத்தார்; அவர் பேசியவை எழுதத் தக்கவை அல்ல. மாமா, "வந்துட்டிருக்கறனுங்க" என்று மட்டும் சொன்னார். தருமபுரியைக் கடந்து, தொப்பூர்க் கணவாய் தொடங்குமுன் வண்டியை ஓரங்கட்டினார்.

முகம் கழுவினார். சக்கரந்தோறும் கையை அருகில் வைத்துச் சூடு பார்த்தார். கயிறுகளை இழுத்துப் பார்த்தார். பிறகு நிதானமாகத் தேநீர் அருந்தினார். எனக்கோ எரிச்சல்.

"நேரமாச்சுங்களே மாமா."

"ஆவட்டும் கண்ணு. இந்த மனசோட கீழ எறங்கக் கூடாது."

பெங்களூரிலிருந்து சேலம் வரும் நெடுஞ்சாலையில் தொப்பூர் இறக்கம் விபத்துகளால் பெயர்பெற்றது. டீசலை மிச்சப்படுத்தச் சிலர் நியூட்ரலில் வண்டியை உருளவிடுவர். அப்போது இன்ஜினின் பிடி விலகிப் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். மிதிக்க மிதிக்க டிரம் கொதிக்கும். லைனிங் பிடிப்பை இழக்கும். அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. "ஏறுற கியர்லதான் எறங்கோணும்" என்பார் மாமா.

அவ்வாறே இறங்கினோம். வண்டி முனகியபடி ஊர்ந்தது. பின்னால் ஒலிப்பான்கள் அலறின; கைப்பேசியும் அழைத்தது. அவர் எதையும் பொருட்படுத்தவில்லை. ஒரு லாரி எங்களை விரைந்து முந்தியபோது, கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. மாமாவின் உதடுகள் அசைந்தன, வேண்டுதலாக இருக்கலாம்.

அடிவாரத்தில் அந்த லாரி சாலையோரம் நின்றிருந்தது. சக்கரங்களில் புகை. ஓட்டுநர், என்னைவிட நான்கைந்து வயதே மூத்தவர், தரையில் அமர்ந்திருந்தார். மாமா வண்டியை நிறுத்தி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். புட்டியை நீட்டிய கை நடுங்கியதை அப்போதுதான் கண்டேன்.

"உங்களுக்கும் பயமுங்களா மாமா?"

"இல்லாம இருக்குமா? அதனாலதான மேலயே நிறுத்துனேன்."

லீ பஜாரை அடைந்தபோது நன்றாக விடிந்திருந்தது. உரிமையாளர் வாயிலிலேயே காத்திருந்து ஏசத் தொடங்கினார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, தார்ப்பாயின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கலானார்.