வாழவந்தி நாட்டில் இரண்டு நாள்

நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொல்லிமலை தினமும் கண்ணில் படுகிற மலை. அதனாலேயே நிதானமாகப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. மோகனூர்ப் பக்கம் வாழையும் கரும்பும் வைத்திருக்கும் அந்தத் தம்பதியும் அப்படித்தான். ஒரு ஆடிப்பெருக்குக்குச் சொந்தக்காரர்களோடு வேனில் போய், அருவியில் குளித்துவிட்டு அன்றைக்கே இறங்கியதோடு சரி. இந்தத் தை மாதம் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், மாட்டை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு, இருவரும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். மகனுடைய சின்னக் கூடாரம், இரண்டு கம்பளி, ஒரு தூக்குவாளி. சுமை அவ்வளவுதான்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். கீழே முள்ளும் புதருமாக இருந்த காடு ஏற ஏறப் பச்சை பிடிக்கிறது. மேலே போனதும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள், அடியில் காப்பிச் செடிகள். சோளக்காட்டில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, அந்த அம்மாவின் கண் மிளகின் மேலேயே இருந்தது. தையில்தான் அறுவடை தொடங்கும். வாசலில், களத்தில், பாயில் எல்லாம் மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து செம்மேடு. குதிரை மேல் வல்வில் ஓரி சிலையாக நிற்கும் ஊர். இந்தப் பகுதிக்கு வாழவந்தி நாடு என்று பெயர். நாடு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மலையாளி பழங்குடி மக்கள் தங்கள் ஊர்களைச் சேர்த்து நாடு நாடாகவே சொல்வார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று மலை முழுக்க இந்தக் கணக்குதான்.

வாசலூர்ப்பட்டி ஏரி சிறியது. படகு விடுகிறார்கள். கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மனசு இறங்கிவிடும். கூடாரம் எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. காப்புக்காட்டுக்குள் போடக் கூடாது, தீ மூட்டவும் கூடாது. மாசி, பங்குனிக் காட்டுத் தீயில் மனிதன் வைத்த நெருப்பும் உண்டு. ஆகவே பட்டா நிலத்துக்காரரிடம் கேட்டு, அவர் வாசலை ஒட்டிப் போடுவதே முறை. இவர்களும் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் கேட்டார்கள்.

"அதுக்கென்னங்க அண்ணா, போட்டுக்கோங்க. ராத்திரி குளுரும். அக்கா வேணா உள்ள படுத்துக்கட்டும்" என்றாள் வீட்டுக்காரப் பெண்.

அக்கா கூடாரத்திலேயே படுத்தாள். ஆனால் சாப்பாடு உள்ளேதான். சாமைச் சோறு, அவரைக் குழம்பு. சாமையைச் சீக்கு வந்தவர்களுக்குக் கஞ்சியாக மட்டுமே பார்த்திருந்தவளுக்கு, சுடச்சுடச் சோறாகச் சாப்பிட்டது புதிது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை அந்த வீட்டுக் காட்டைச் சுற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. சரிவு முழுக்க மரவள்ளி. மூலையில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் சாமை அறுத்த தாள். முன்பு இது நேர் எதிராக இருந்தது. சாமையில் மட்டும் மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்கள் இந்த மலையில் உண்டு. தினையில் செந்தினை, மூக்கந்தினை, பெருந்தினை. மண் பூசித் தரையிலிருந்து தூக்கி நிறுத்திய தொம்பைகளில் தானியம் வருஷக்கணக்காகக் கெடாமல் இருந்தது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போகத் தொடங்கியதும் கையில் காசு வந்தது. ரேஷனில் அரிசியும் வந்தது. சாமை சுருங்கியது.

மலைக்காரர்களைக் குறை சொல்வது சுலபம். "காசுக்காக மட்டும் இல்லக்கா. எங்க மாமியா காலத்துல உரல்ல குத்திக் குத்தியே கை காச்சிப்போவும். ஒரு நேரத்துச் சோத்துக்குப் பாதி நாளு" என்றாள் அந்தப் பெண். சாமை குறைந்ததற்கு இதுவும் ஒரு உண்மையான காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதை வங்கிகளோடு உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்க் குழுக்களிடம் கொடுத்தது இதற்காகத்தான். விதையை மட்டும் காப்பாற்றினால் பெண்கள் திரும்ப விதைக்க மாட்டார்கள். குத்துகிற வேலையும் குறைய வேண்டும், வாங்குகிறவரும் வேண்டும். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்த பிறகு பேச்சு கூடியிருக்கிறது. விதைப்புக் கூடுவது விலையைப் பொறுத்தது.

கணவருக்கோ மரவள்ளி மேல் ஆசை. கிளம்பும்போது பத்துக் கரணை வெட்டித்தரக் கேட்டார். வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். "வேண்டாங்கண்ணா. மாவுப்பூச்சி கரணையோடவே வரும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. 2020-ல் கேரளத்தில் முதலில் தெரிந்த மரவள்ளி மாவுப்பூச்சி, கரணை வழியாகவே தமிழ்நாட்டுக் காடுகளுக்குப் பரவியது. நுனி சுருண்டு, இலைகள் கொத்தாகிச் செடி குட்டையாகும். மருந்தடித்து மாளாத நிலையில், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி என்ற மிகச் சிறிய குளவியைக் கொண்டுவந்து வளர்த்து, 2022 முதல் சேலம், நாமக்கல் பகுதிகளில் விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அழிக்கும். கண்டபடி பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். தேமல் நோயும் கரணையில்தான் பயணம் செய்கிறது. மிளகுக் கொடியும் அப்படியே. வேர் மண்ணோடு பிடுங்கி வந்தால் வாடல் நோயையும் சேர்த்துக் கொண்டுவருவோம். தோட்டக்கலைத் துறை நாற்றங்காலில் வேர் பிடித்த நாற்றாக வாங்குவதே நல்லது.

திரும்பும் முன் அறப்பளீஸ்வரர் கோயில் போய், ஆகாய கங்கைக்கும் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது விளையாட்டு, ஏறுவதுதான் வினை. முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம். சுமார் 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. வழியில் உடைந்த மது பாட்டில்கள் கிடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பாதையில் வெறுங்காலோடு நடக்கிறவர்களும் உண்டு.

அந்த வீட்டில் சாமை அரிசி ஐந்து கிலோவும் மிளகு ஒரு கிலோவும் பேரம் பேசாமல் வாங்கினார்கள். "நீங்க கேட்டா அடுத்த போகம் இன்னும் கொஞ்சம் போடுவேங்க்கா. ஐப்பசியில வந்தீங்கன்னா கதிரோடயே பாக்கலாம்" என்றாள் அந்தப் பெண்.

இறங்கும்போது முழுக்கப் பிரேக்கை நம்பக் கூடாது. பிரேக் சூடேறினால் பிடிக்காது. இரண்டாவது கியரிலேயே வண்டியை விட்டு, வளைவுக்கு வளைவு ஒலி எழுப்பி, மேலேறும் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு அவர்கள் காரவள்ளி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.