அப்பா சொன்ன காரணம்

1979ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. அப்பா வெளிக்காட்டில் பால் வெட்டி, இரண்டு வாளிப் பாலையும் தோளில் சுமந்து ஸ்டோரில் இறக்கிவிட்டு, கால் காயத்துக்கு மருந்து போடத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். டிரஸர் ஐயா எதற்கும் பார்ப்போமென்று அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். 170க்கு 100.

"வாளி தூக்கி வந்தேனுங்களே ஐயா, அதான்!" என்று அப்பா சிரித்தார்.

"அப்படியா? கொஞ்சம் உட்காருப்பா."

அரைமணி கழித்துப் பார்த்தார். அதே 170.

அப்பா சொன்னதில் பாதி உண்மை. உழைக்கும்போது அழுத்தம் கூடத்தான் வேண்டும். பரிவு நரம்புகள் வழியாக மூளை இதயத்தை முடுக்குகிறது. குடல் பக்கம் போகும் குழாய்களைச் சுருக்கி, கைகால் தசைகளுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. வேலை முடிந்ததும் எல்லாம் தணியும். கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் உள்ள நரம்பு முனைகள், அழுத்தத்தை நொடிக்கு நொடி முகுளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நல்ல தூக்கத்தில் அது பகலைவிட நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு குறையும். இரத்தக் குழாய்களுக்கு அதுதான் ஓய்வு.

உட்கார்ந்து ஓய்ந்த பிறகும் இறங்காத அழுத்தம்தான் நோய். நாள்பட்டால் அந்த நரம்புக் காவலே உயர்ந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. தினமும் பிந்தி வருகிறவனைப் பார்த்துப் பழகிய கங்காணி, பிறகு அதட்டுவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே, மாத்திரை எதுக்கு?" என்று அப்பா ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டார். இரவில் லயமே அதிரக் குறட்டை விடுவார். நடுநடுவே மூச்சு அடைத்துக்கொள்ளும். அசந்து தூங்குகிறார் என்று அம்மா நினைத்தார். மூச்சு அடைபடும் ஒவ்வொரு முறையும் நரம்புகள் உசுப்பப்பட்டு, இரவிலும் அழுத்தம் இறங்காது என்பது எங்களுக்குத் தெரியாது.

1981இல் ஒரு விடியற்காலை. பெரட்டுக்குப் புறப்பட்டவரின் வலது கையிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. பக்கவாதம். அதற்குப் பிறகு அவர் மரம் சீவவே இல்லை.

இப்போது எனக்கும் இரத்த அழுத்தம் உண்டு. கிளினிக்கில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே கையை நீட்டுகிறேன். அப்போதும் கூடுதலாக இருந்தால், நடந்து வந்தேன் என்று காரணம் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். வாளியின் மேல் பழியைப் போட்டுத்தான் அப்பா தம் வலக்கையை இழந்தார்.