கொதிக்க வைத்தால் கூடும்

தண்ணீர் மாதிரி எடுக்கப் போனால் எந்த வீட்டிலும் முதலில் ஒரு டம்ளரைத்தான் நீட்டுவார்கள். குடித்துவிட்டே பாட்டிலைத் திறப்பேன். குடிக்கத் தயங்கினால் பிறகு நான் சொல்வதை அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பாட்டி தந்த போர்த் தண்ணீர் அத்தனை தெளிவு. "ஏங் கண்ணு, கல்கண்டாட்டம் இருக்குது. இதுல என்ன கொறையக் கண்டுட்டே?" என்றார். சோதனைக் குழாயில் மருந்து விழுந்ததும் இளஞ்சிவப்பு மெல்ல வெளுத்து மஞ்சளுக்குப் போனது. அட்டையோடு ஒப்பிட்டால் ஃப்ளோரைடு 1.5க்கு மேல். ஐ.எஸ். 10500 தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது; வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம்.

நான் தொழில் கற்றது இடுக்கி மலையில். வட்டவடை, மறையூர்ப் பக்கம் ஊற்றிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீர் இறக்குவார்கள். மேலே மாடு மேயும், மழை எல்லாவற்றையும் கழுவிக் கொண்டுவரும். அங்கே எங்கள் ஆயுதம் எச்2எஸ் பாட்டில். 1982இல் குவாலியர் விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை. தண்ணீரை ஊற்றி ஒருநாள் வைத்தால் போதும், மலக்கிருமி சேர்ந்திருந்தால் பெரும்பாலும் கறுத்துவிடும். கறுத்த பாட்டிலை அடுப்படியில் வைத்துக் காட்டி, "கொதிக்க வெச்சுக் குடிங்க" என்பேன். சரியான அறிவுரைதான்.

அதே வாக்கியத்தைப் பாலக்காட்டு எல்லைக்கு வந்த புதிதில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. கிருமி சாகும், ஃப்ளோரைடு ஆவியாகாது. நாலு லிட்டரைக் காய்ச்சி மூன்றாக வற்ற விட்டால், 1.5 இருந்தது 2 ஆகிவிடும். சீரகமோ பதிமுகமோ போட்டு நெடுநேரம் கொதிக்கவிடும் வீடுகளுக்கு நான் செய்தது உபகாரமே இல்லை.

சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் கேரளத்தின் மற்ற இடங்களைப்போல மழை கொட்டாது. கிணறு வற்ற, போர் ஆழம் போகிறது. அடியில் நைஸ் பாறை. அதிலுள்ள பயோட்டைட், அப்படைட் போன்ற கனிமங்களோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடக்கும் தண்ணீர் ஃப்ளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச்சத்து மிகுந்த சப்புத் தண்ணீரில் அது அவ்வளவாகச் சேராது. சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீரில்தான் பெரும்பாலும் ஏறும். அதாவது, ஊரே மெச்சும் போரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000இல் கோக்க-கோலா ஆலை வந்தது. கிணறு கெட்டுப்போனதை அங்கே முதலில் கண்டுகொண்டவர்கள் சோறு வடித்த பெண்கள். 2002இல் போராட்டம் தொடங்கியது, 2004இல் ஆலை நின்றது. அது நாக்குக்குத் தெரிந்த கேடு. ஃப்ளோரைடை நாக்கு பிடிக்காது. எட்டு வயதுக்குள் எனாமல் உருவாகும்போது குடித்த தண்ணீர், பிறகு முளைக்கிற பல்லில் வெள்ளைத் திட்டாகவோ பழுப்புக் கோடாகவோ தெரியவரும். அதனால் பள்ளிக்கூடத்துக்குப் போனால் கிட்டைத் திறக்குமுன் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்வேன்.

மாதிரி எடுக்கும் பாட்டிலிலும் பேதம் உண்டு. ஃப்ளோரைடுக்குப் பிளாஸ்டிக். கிருமிச் சோதனைக்கு நுண்ணுயிர் நீக்கிய பாட்டில். குளோரின் கலந்த நீரென்றால் அதற்குள் துளி தயோசல்ஃபேட். இல்லாவிட்டால் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வந்து, ஆய்வகம் பொய்யாக நற்சான்று தரும்.

பாட்டியிடம், குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுக் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கச் சொன்னேன். ஆளியாறு வழி சித்தூர்ப்புழைக்கு வருகிற நீர். "அதுல பிளீச்சிங் வாடை அடிக்குது, கண்ணு."

"அந்த வாடை கொஞ்சம் இருக்கணும் பாட்டி. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் நின்னாத்தான் நல்லது."

"செரி, பேரனுக்கு அதையே குடுக்கறேன்" என்றவர், என் டம்ளரில் மீந்திருந்ததைத் தொட்டியில் ஊற்றினார். காளை தலையை நீட்டிக் குடித்தது. "அப்ப இதுக்கு?"

நெல்லூர்ச் சீமையில் 1930களில் ஃப்ளோரைடு நோயை முதலில் காட்டிக் கொடுத்தவை, மூட்டு இறுகி நடக்கமுடியாமல் போன உழவு மாடுகள். அதை அவரிடம் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன்.