வயிற்றின் பசியும் மனத்தின் பசியும்

பல ஆண்டுகள் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் நான். 'போசனப்பிரியம்' என்ற சொல் வரும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பொலி எழும். பருமனான சிறுவன் ஒருவனை மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் புன்னகைத்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றிருக்கிறேன். அந்தப் புன்னகைக்காக இன்று வருந்துகிறேன். ஏனெனில் அறுபது வயதைக் கடந்தபின் அந்தச் சொல் என்னையே தேடி வந்தது.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பனிமய மாதா திருவிழா முடிந்த மறுவாரம், என் கணவர் இறைவனில் துயில் கொண்டார். முப்பதாம் நாள் திருப்பலி வரையில் வீடு நிறைய உறவினர் இருந்தனர். பின்னர் ஒவ்வொருவராகப் புறப்பட்டனர். மகனும் தன் குடும்பத்துடன் மதுரைக்குத் திரும்பினான். பகற்பொழுது எப்படியோ கழிந்துவிடும். இரவில் செபமாலையை முடித்து எழுந்ததும் வீட்டில் ஓசையே இராது. எதிரே அவர் அமரும் நாற்காலி மட்டும் இருக்கும். அந்நேரத்தில் என் கை தானாகவே அலமாரியை நாடும்.

தூத்துக்குடியில் மக்ரூன் இல்லாத வீடு ஏது? முந்திரிப் பருப்பும் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் அந்தச் சிறு கூம்பு, வாயில் இட்டதுமே கரைந்துவிடும். ஒன்று கரைந்ததும் கை மற்றொன்றை எடுக்கும். பொட்டலம் வெறுமையான பின்னரே உண்டதன் அளவை உணர்வேன். பிறகு வெட்கம் வந்து பற்றிக்கொள்ளும், உறக்கம் வராது. மறுநாள் மாலை கடைக்குச் சென்று, பேரப்பிள்ளைக்கு என்று பொய் சொல்லி இன்னொரு பொட்டலம் வாங்கி வருவேன். மூன்றே ஆண்டுகளில் 58 கிலோவாக இருந்த என் எடை 71 ஆயிற்று. முழங்கால்கள் நோகத் தொடங்கின. கோயிலில் முழந்தாளிடுவது இயலாத காரியமாயிற்று.

தவக்காலத்தில் மக்ரூனை முற்றிலும் ஒறுப்பதாக வாக்களித்தேன். முதல் வாரத்திலேயே ஒருநாள் ஒன்றை எடுத்துவிட்டேன். "வாக்கு உடைந்துவிட்டது, இனி என்ன?" என்று எண்ணிப் பொட்டலம் முழுவதையும் தீர்த்தேன். இது எனக்கு மட்டும் உரிய பலவீனம் என்று எண்ணியிருந்தேன். 1975-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். மாணவியர் சிலருக்கு முதலில் இனிப்புப் பால் பானம் கொடுத்து, அதன்பின் ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் செய்தனர். சாதாரணமாக உண்பவர்கள் பானம் அருந்தியபின் ஐஸ்கிரீமைக் குறைத்து உண்டனர். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, கட்டுப்பாடு ஒருமுறை தளர்ந்ததும் முன்னிலும் அதிகமாக உண்டனர். கடுமையான தடையே வீழ்ச்சிக்குப் படியாக அமையக் கூடும் என்பதை அப்போது அறிந்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது சுவாமி சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அம்மா, நீங்கள் பசியால் உண்கிறீர்களா, தனிமையால் உண்கிறீர்களா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல இயலவில்லை. "பாவத்துக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் துயரத்துக்கு வேண்டியது ஆறுதல். ஒரு மருத்துவரையும் போய்ப் பாருங்கள்" என்றார்.

நான் சந்தித்த பெண் மருத்துவர், இரத்தப் பரிசோதனை செய்து தைராய்டு குறை எதுவும் இல்லை என்று உறுதி செய்தபின், ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். முதற்பத்தியில் உண்ட நேரம், இரண்டாவதில் உண்ட பொருள், மூன்றாவதில் உண்பதற்குச் சற்று முன்பு மனத்தில் இருந்தது. இரண்டு வாரங்கள் எழுதிக் கொண்டுபோனேன். 14 இரவுகளில் 11 இரவுகளுக்கு நேரே மூன்றாம் பத்தியில் 'அவர்' என்ற ஒரே சொல் இருந்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வயிற்றுப் பசி சிறிது சிறிதாக வளரும், கஞ்சியோ இட்லியோ, கிடைத்ததை ஏற்கும், நிறைந்ததும் அடங்கும். மனப்பசி திடீரென எழும். குறிப்பிட்ட ஒரு பண்டத்தையே கேட்கும். வயிறு நிறைந்த பின்பும் அடங்காது. முடிவில் குற்ற உணர்வை விட்டுச் செல்லும். துன்பம் நீடிக்கும்போது உடலில் கார்டிசால் என்னும் சுரப்பு மிகுந்து, இனிப்பையும் கொழுப்பையும் நாடும் ஆசையைப் பலரிடம் தூண்டுகிறது. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது; போதும் என்று உணர்த்தும் லெப்டின் குறைகிறது. இனிப்பு சற்று நேரம் மனத்தை அமைதிப்படுத்துவதும் உண்மையே. அதனாலேயே அடுத்த துன்பத்திலும் மனம் அதையே தேடுகிறது. எடை கூடக் கூட வெட்கம் மிகுகிறது. வெட்கம் மீண்டும் அலமாரிக்கே அழைத்துச் செல்கிறது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருந்தனர். 2019-21-இல் அது ஏறத்தாழ 40 ஆயிற்று. இத்தனை பேரும் துயரத்தால் உண்டவர்கள் அல்லர். பரம்பரை, உழைப்புக் குறைவு, சில மருந்துகள், மலிவாகக் கிடைக்கும் எண்ணெய்ப் பண்டங்கள் எனக் காரணங்கள் பல. எனவே பருத்த உடலைக் கண்டதும் போசனப்பிரியம் என்று தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. அளவின்றி உண்டு, நிறுத்த இயலாமல் தவிக்கும் நிலை வாரந்தோறும் திரும்பத் திரும்ப வருமாயின், அது ஒரு நோய். 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தது. அதற்குச் சிகிச்சையும் உண்டு.

இவற்றையெல்லாம் அறிந்து மனம் தேறிவந்த வேளையில்தான் என்னை உலுக்கிய ஒன்று நடந்தது. 2023-இல், 35 வயதே ஆன என் மகனுக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர்கள் கூறினர். அவனும் பருத்த உடலினன். ஊருக்கு வந்திருந்தவனிடம் என் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "அம்மா, சின்ன வயசில் நான் அழுதால் உடனே ஒரு மக்ரூன் கொடுப்பீங்க. இப்ப ஆபீஸில் எவனாவது திட்டினால் எனக்கு நானே கொடுத்துக்கிறேன்" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு நான் வெகுநேரம் அழுதேன்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹில்டே புரூக் என்ற மனநல மருத்துவர், 1973-இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். குழந்தை அச்சத்தால் அழுதாலும், களைப்பால் அழுதாலும், வலியால் அழுதாலும் உணவையே கொடுத்து அமைதிப்படுத்தினால், எது பசி, எது துன்பம் என்று பிரித்தறியும் ஆற்றல் அதனிடம் வளராமற் போகலாம் என்பது அவர் கருத்து. அன்பினால்தான் கொடுத்தேன். எனினும் "ஏன் அழுகிறாய்?" என்று கேட்க வேண்டிய நேரத்தில் இனிப்பை ஊட்டி அவன் வாயை அடைத்திருக்கிறேன்.

அந்நாட்களில் எலியா இறைவாக்கினரின் வரலாறு எனக்குப் பெரும் துணையாயிற்று. அரசி ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடிய அவர், ஒரு செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டினார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரைத் தொட்டு எழுப்பி, அப்பமும் தண்ணீரும் தந்தார். உறங்க விட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். ஆனால் இறைவன் அப்பத்தோடு நின்றுவிடவில்லை. ஓரேபு மலையில் அவர் மனக்குறையைக் கேட்டார். பின்பு எலிசாவைத் துணையாகவும் கொடுத்தார். உடலுக்கு உணவும் உறக்கமும் தந்தார். உள்ளத்துக்குச் செவியும் தோழமையும் தந்தார். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அவர் வைக்கவில்லை.

இப்போது இரவு ஒன்பது மணிக்கு என் மதினிக்குத் தொலைபேசியில் பேசுகிறேன். அவளும் கைம்பெண்தான். இருவரும் சேர்ந்தே செபமாலை சொல்கிறோம். அவரைப் பற்றிப் பேசுகிறோம்; சில நாட்களில் அழுகிறோம். மக்ரூனை நான் விலக்கவில்லை. வேண்டுமென்றால் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, அமர்ந்து, சுவைத்து உண்கிறேன். தவறும் இரவுகள் இன்றும் உண்டு. மறுநாளைப் புதிதாகத் தொடங்குகிறேன். எடை 66-க்கு இறங்கியுள்ளது. முழங்கால் இன்னும் நோகிறது.

சென்ற விடுமுறையில் பேத்தி முற்றத்தில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, "ஆச்சி!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பழைய வழக்கப்படி என் கால்கள் அலமாரியை நோக்கித் திரும்பின. நின்று, அவளை மடியில் இருத்தி, "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டேன். வலியைச் சொன்னாள், பயந்ததைச் சொன்னாள், அண்ணன் தள்ளிவிட்டதையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுகை தானே ஓய்ந்தது. வாசலில் நின்று என் மகன் பார்த்துக்கொண்டிருந்தான். மாலையில் எல்லோரும் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு மக்ரூன் உண்டோம்.

அன்புத் தாய்மாரே, பிள்ளை அழும்போது முதலில் அதன் முகத்தைப் பாருங்கள். உங்கள் கையும் இரவில் அலமாரியை நாடினால், ஒரு கணம் நின்று, "எனக்கு வேண்டியது என்ன?" என்று உங்களையே கேளுங்கள். பசி என்றால் நன்றியோடு உண்ணுங்கள். துயரம் என்றால், அதைக் கேட்க இறைவனும் இருக்கிறார். அவர் தந்த மனிதர்களும் இருக்கிறார்கள்.