நடந்து செல்லும் தூரம்

எங்கள் வீட்டிற்கு முதன்முறையாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். தேக்குத் தூண்களைத் தடவிப் பார்ப்பார்கள். முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து நோக்குவார்கள். "இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வீடா!" என்று வியப்பார்கள். பிறகு வாசலுக்கு வந்து வீதியை இருபுறமும் பார்த்துவிட்டு, "அது சரி, காரை எங்கே நிறுத்துகிறீர்கள்?" என்பார்கள்.

எங்களிடம் கார் இல்லை என்றால் இரக்கத்தோடு பார்ப்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பார்வை என்னைச் சுட்டது. இப்போது சுடுவதில்லை. அதற்குக் காரணம் என் தாயார். அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

புதுச்சேரியில் மிஷன் வீதிக்கு மேற்கே, பேராலயத்தின் மணியோசை தெளிவாகக் கேட்கும் குறுக்கு வீதி ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. கிழக்கே கடற்கரைச் சாலை. மற்ற மூன்று புறமும் பட்டேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை. இவற்றுக்குள் முட்டை வடிவில் அடங்கிய பழைய நகரத்தை நாங்கள் இன்றும் 'புல்வார்' என்றே சொல்கிறோம். இதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அரைமணி நேரத்தில் நடந்து விடலாம்.

இந்த அமைப்புத் தற்செயலாக வந்ததன்று. 1693-இல் இவ்வூரைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர், 1699-இல் திருப்பிக் கொடுப்பதற்குள், நேரான வீதிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும் நகர்த் திட்டம் ஒன்றை வகுத்தனர். பின்னர் பிரெஞ்சுக்காரரும் அதையே பின்பற்றினர். 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஆயினும் 1765-க்குப் பின் ஊர் மறுபடி எழுந்தபோது பழைய வீதிகளின் போக்கிலேயே எழுந்தது. எங்கள் பேராலயமும் அவ்வாறே. முன்னிருந்த கோயில்கள் போர்களில் அழிந்தபின் கட்டப்பட்ட இப்போதைய கோயில் 1791-இல் நிறைவெய்தியது. இந்த வீதிகளை அளந்தவர் அறிந்தவை மனிதனின் காலும் மாட்டு வண்டியுமே. ஆகவேதான் சந்தை, கோயில், பள்ளி, மருத்துவமனை, கடல் எல்லாம் கால் எட்டும் தூரத்தில் அமைந்தன.

இந்தத் தூரத்தை என் தாயாரைப் போல் நன்றாகப் பயன்படுத்தியவர் எவரையும் நான் கண்டதில்லை. அம்மா சைக்கிள்கூட ஓட்ட அறியாதவர். தந்தையார் மறைந்தபின், "இனி யார் என்னை வெளியே அழைத்துப் போவார்கள்?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. விடியற்காலை மணி அடித்ததும் எழுந்து, நான்கு நிமிட நடையில் கோயிலில் இருப்பார். பூசை முடிந்து திரும்பும்போது பாலும் பூவும் வாங்குவார். வாரத்தில் மூன்று நாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போவார். மீன்காரப் பெண்களோடு விலைபேசாமல் வந்தால் அவருக்கு நாள் கழியாது. மருந்துக்கடை, அஞ்சலகம், தையற்காரர், ஒன்றுவிட்ட தங்கையின் வீடு எல்லாமே அவருடைய காலுக்குள் அடங்கியிருந்தன. மாலையில் மனம் வந்தால் பாரதி பூங்காவைக் கடந்து கடற்கரை வரை போய்வருவார். எண்பத்தொரு வயதிலும் அவர் யாருடைய தயவையும் எதிர்பார்த்து வாழவில்லை.

வீட்டைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வீதியை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பாகத் தாழ்வாரம். வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கன் ஒதுங்குவதற்காக அது முதலிலிருந்தே விடப்பட்ட இடம். அதை அடுத்துத் திண்ணை. திண்ணைக்குப் பின் கனத்த கதவு, நடை, முற்றம். அனல் காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேற, வீதியின் காற்று நடை வழியாக உள்ளே இழுக்கப்படும். சித்திரை வெயிலிலும் கூடம் குளிர்ந்திருக்கும். மாடி மட்டும் பிரெஞ்சுப் பாணி. வளைந்த சாளரங்களும் கைப்பிடிச் சுவரும் கொண்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இவ்வாறே கீழே தமிழ் வீடாகவும் மேலே பிரெஞ்சு வீடாகவும் நிற்பதை ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் காணலாம்.

இவ்வளவும் பெருமைதான். ஆனால் பெருமையால் மட்டும் கூரை ஒழுகாமல் நிற்காது. எங்கள் மேல்தளம், மர உத்திரங்களின்மீது செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ். பல ஆண்டுகளுக்கு முன் சுவரில் ஈரம் கண்டபோது, வேலைக்கு வந்த ஒருவரின் யோசனைப்படி சிமெண்டு பூசிவிட்டோம். அது பெரும் பிழையாயிற்று. சுண்ணாம்புச் சுவர், உறிஞ்சிய ஈரத்தை மறுபடி காற்றில் விட்டு உலரும் தன்மையுடையது. சிமெண்டு அந்த வழியை அடைத்துவிட்டது. உள்ளே தங்கிய ஈரம் உப்பாகப் பூத்துச் செங்கல்லை அரித்தது; உத்திரத்தின் முனைகளும் இற்றுப்போகத் தொடங்கின.

இந்நிலையில் 2014 நவம்பர் 29 வந்தது. அன்று பெய்த கனமழையில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 1870-களின் தொடக்கத்திலிருந்து கடலைப் பார்த்து நின்ற நகராட்சி மாளிகை அது. நாங்கள் திருமணப் பதிவுக்கும் பிறப்புச் சான்றுக்கும் ஏறி இறங்கிய படிகள் செங்கல் குவியலாகக் கிடந்தன. (அதே தோற்றத்தில் அது மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது.) அன்றிரவு எங்கள் கூடத்தில் மூன்று இடங்களில் பாத்திரம் வைத்து மழைநீரை ஏந்திக்கொண்டிருந்தோம். மேலே மரம் முனகும் ஒலி கேட்கும்போதெல்லாம் அம்மாவின் கட்டிலை நகர்த்தினேன்.

மறுநாளே லாசுப்பேட்டையிலிருந்து அக்காள் வந்து அம்மாவைத் தம் அடுக்குமாடி வீட்டிற்கு அழைத்துச் சென்றார். பிரான்சில் இருக்கும் தம்பி தொலைபேசியில், "அண்ணே, விற்றுவிடுவோம். மூன்று பங்கு போட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்றான். விடுதி நடத்த விரும்பிய ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். முகப்பை மாற்றமாட்டேன் என்றும் உறுதி சொன்னார். நானும் இசைந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய எனக்கு அந்தத் தொகை கனவிலும் காணாத ஒன்று. அம்மாவின் பாதுகாப்பிற்காக என்று மற்றவர்களிடம் சொன்னேன். பாதி உண்மை, பாதி என் ஆசை.

அக்காள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. தனி அறை, ஒழுகாத கூரை, மின்தூக்கி. ஆனால் பால் வீட்டுக்கே வந்தது, காய்கறியும் வந்தது. கோயிலுக்குப் போக மருமகனின் கார் வேண்டும். அவருக்கு ஓய்வு ஞாயிறன்று மட்டும். அம்மா எவரையும் எதற்கும் கேட்கவில்லை. பலகணியில் நாற்காலியைப் போட்டு அமர்ந்திருந்தார். மூன்று மாதத்தில் அவருடைய நடை தளர்ந்தது. கழிவறைக்குச் செல்லவும் சுவரைப் பிடித்தார். மருத்துவர் சோதித்துவிட்டு, "நோய் ஒன்றும் இல்லை, நடக்கச் சொல்லுங்கள்" என்றார். எங்கே நடப்பது? கீழே வண்டிகள் விரையும் நெடுஞ்சாலை. ஓரத்தில் கால் வைக்க இடம் இல்லை.

தவக்காலத்தில் ஒருநாள், பீரோவில் இருக்கும் பழைய செபப் புத்தகத்தை எடுக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். அக்காள் ஆட்டோவில் அழைத்து வந்தார். புத்தகத்தை எடுத்தபின், "கோயில் வரைக்கும் போய்விட்டு வருகிறேன்" என்று தாமே வீதியில் இறங்கினார். அக்காளும் நானும் பின்னால் நடந்தோம். நான்கு நிமிட வழிக்கு அன்று அரைமணி நேரம் ஆயிற்று. தளர்ச்சி மட்டும் காரணமன்று. தையற்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். எதிர்வீட்டு முதியவர் திண்ணையிலிருந்து இறங்கி நலம் விசாரித்தார். மிஷன் வீதி முனையில் பூ விற்கும் அம்மையார், "மூணு மாசமா எங்கேம்மா போயிட்டீங்க? உங்க முழம் தினமும் எடுத்து வெச்சு வாடிப்போச்சே!" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். தந்தையார் இறந்தபோதுகூட வீதியில் நின்று அழாதவர்.

திரும்பி வரும்போது அக்காள் என்னைப் பார்த்து, "விற்க வேண்டாம்டா தம்பி. கூரையைப் பார்" என்றார். அம்மா தம்மிடம் இருப்பதைப் பெருமையாகக் கருதியவர் அவர். தம் வீடு தாய்க்குப் போதவில்லை என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு அன்பு வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் பின்னர்தான் உணர்ந்தேன்.

பழுது பார்க்கும் வேலை ஓராண்டு நடந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பைக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினோம். அந்த வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலையாயிற்று. இற்ற உத்திரங்களை மாற்றினோம். ஓய்வூதியப் பணத்தில் பெரும் பகுதி அதிலேயே கரைந்தது. தம்பியின் பங்கை ஆறு ஆண்டுத் தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்தேன். அவன் மனம் நிறையவில்லை. அடுத்த இரண்டு கோடைகளிலும் ஊருக்கு வரவில்லை. மாடியை விடுதிக்குத் தந்தால் வருமானம் மிகுதி என்று பலரும் சொன்னார்கள். பள்ளி செல்லும் இரு பிள்ளைகளையுடைய ஒரு குடும்பத்திற்கே குறைந்த வாடகைக்கு விட்டோம். இரவில் மாடிச் சாளரத்தில் விளக்கு எரிய வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்.

அந்த விருப்பத்தின் பொருள் இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது. வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளின் முகப்புகளும் தாழ்வாரங்களும் வரிசையாக மீட்கப்பட்டன. புதுச்சேரியின் அந்த வீதியமைப்புப் பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. அது பாராட்டிற்குரிய தொண்டு. ஆனால் முகப்பைக் காப்பாற்றுவதோடு வீதி பிழைத்துவிடாது. எங்கள் வரிசையிலேயே சில வீடுகள் அழகிய விடுதிகளாகிவிட்டன. சனி ஞாயிறுகளில் கூட்டம். செவ்வாய், புதன் இரவுகளில் இருட்டு. அங்கே தங்குகிறவர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது. எங்களுக்கும் அவர்கள் பெயர் தெரியாது. வீதியைப் பாதுகாப்பது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்கம்பக்கத்தாரின் கண்களே என்று ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961-இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய நூலில் விளக்கினார். அதைப் படியாமலே எங்கள் திண்ணைகள் அறிந்திருந்தன.

பழமையெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. இதே நகரம் ஒரு காலத்தில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே கறுப்பர் என்று பிரிக்கப்பட்டிருந்தது. மேற்கிலும் மதத்திற்கும் சாதிக்கும் தனித்தனி வீதிகள். முன்னிருந்த எங்கள் கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் ஒன்று நின்றதையும், அதை எதிர்த்து 1745-இல் எழுந்த கிளர்ச்சியையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்தடுத்து வாழ்ந்தும் அடுத்திருப்பவனை அயலானாகக் கருதிய பாவமும் இந்த வீதிகளுக்கு உண்டு. சுவர்கள் நெருங்கியிருந்தால் மட்டும் மனங்கள் நெருங்கிவிடுவதில்லை. அதற்கு ஒவ்வொரு தலைமுறையும் தானே கதவைத் திறக்க வேண்டும்.

அம்மா திரும்பி வந்து ஐந்தாண்டுகள் வாழ்ந்தார். சில வாரங்களிலேயே கால் பழையபடி பலம் பெற்றது. 2020 தொடக்கத்தில், எண்பத்தாறு வயதில், கூடத்துக் கட்டிலிலேயே கண் மூடினார். அடக்கத்திற்குத் தம்பி வந்திருந்தான். கோயில் வரை வண்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவர் அன்றாடம் நடந்த அதே வழியில் தோளில் சுமந்து சென்றோம். தையற்கடை மூடியிருந்தது. மாடி வீட்டுப் பிள்ளைகள் மெழுகுதிரி ஏந்தி முன்னே நடந்தார்கள். பூக்கார அம்மையார் அன்றைய கூடை முழுவதையும் பெட்டியின்மீது வைத்துவிட்டார். காசு கொடுத்த கையைத் தள்ளிவிட்டார்.

அன்றிரவு தம்பியும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நெடுநேரம் பேசாமல் இருந்தவன், "வழியெல்லாம் ஆள் நின்றார்களே, அண்ணே" என்றான். சிறிது கழித்து, "மீதித் தவணையை நீ அனுப்ப வேண்டாம். மழைக்கு முன்னால் தாழ்வாரத்து ஓட்டை மாற்று" என்றான்.

ஓட்டை மாற்றியாயிற்று. சென்ற வாரமும் ஒரு நண்பர் வந்தார். தூணைத் தடவினார், முற்றத்தில் நின்றார், பின் வாசலுக்கு வந்து காரைப் பற்றிக் கேட்டார். "சற்று என்னோடு நடந்து வாருங்கள்" என்றேன். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான்கு நிமிட வழிதான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசிச் சென்றதில் இருபது நிமிடம் ஆகிவிட்டது.