என் பெயரில் ஒரு லேப்டாப்

எங்கள் வீட்டில் என் பெயரில் இருக்கும் ஒரே பொருள் ஒரு பழைய லேப்டாப். பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011இல் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். மூடியில் அவர் படம் இருக்கும். உள்ளே விண்டோஸோடு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை நாங்கள் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒருமுறை அது நின்றுபோனபோது கடைக்குக் கொண்டுபோனோம். லேப்டாப் என் மடியில் இருந்தது. கடைப் பையன் பேசியதெல்லாம் கணவரிடம்தான். "ஓஎஸ் மாத்துனாச் செரியாயிருமுங்ணா." இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது முதல் திரையில் கணவரின் பெயர். குழந்தை பிறந்தபோது எடுத்த என் படங்கள் இருந்த ஃபோல்டர் வேறு இடத்தில் கிடந்தது. யார் திறந்தார்கள், யாரெல்லாம் பார்த்தார்கள்? யாரிடம் போய்க் கேட்பது!

அதனால் போன வருடம் மறுபடி படுத்தபோது நானே லினக்ஸ் மின்ட் போடுவது என்று உட்கார்ந்தேன். அவசரமும் இருந்தது. எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸில் புரொடக்ஷன் என்ட்ரிக்கு ஆள் தேடினார்கள். "எக்செல் ஷீட் போடத் தெரியுமா?" என்று கேட்டிருந்தார்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு மேல்தான் எனக்கு நேரம்.

படங்களைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு ஆரம்பித்தேன். பாதியில் நின்றது. கோப்புகளை நகலெடுக்க முடியவில்லை, பென் டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ பழுதாக இருக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு. பழையது அழிந்துவிட்டது, புதியது ஏறவில்லை. மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை.

"நோண்டாதேன்னு சொன்னனல்ல. ஹார்ட் டிஸ்க் போயிருச்சு. தூக்கிப் போடு."

"இல்லீங்க, நான் பாத்துக்கறனுங்க."

சொல்லிவிட்டேனே தவிர கை நடுங்கியது. ஆனால் இது எனக்குத் தெரியாத வேலையா? ஓவர்லாக்கில் தையல் விட்டால் உடனே லூப்பரைக் கழற்றுவோமா? முதலில் நூலைக் கோத்துப் பார்ப்போம். அப்புறம் ஊசியை மாற்றுவோம். ஒரு நேரத்தில் ஒன்று. பாதிப் பழுதை நாங்களே சரிசெய்துகொள்கிறோம், மெக்கானிக் என்ற பெயரும் கூடுதல் சம்பளமும் ஆண்களுக்கு. (1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்த 6 பேரும் பெண்கள் என்று பிறகுதான் படித்தேன்.)

பென் டிரைவை மாற்றினேன். அதே இடத்தில் நின்றது. அடுத்து, இறக்கிய கோப்பு. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் லேப்டாப்பில், என் போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கியது. ஏறக்குறைய 3 ஜிபி, நடுவில் இரண்டு தடவை நெட் போனது. கோப்பு முழுசாக வந்ததா என்று பார்க்க, மின்ட் தளத்திலேயே 64 எழுத்துகளும் எண்களுமாக ஒரு சரிபார்ப்புக் குறியீடு தருகிறார்கள். நம்மிடம் உள்ள கோப்புக்கும் அதே வர வேண்டும். நாங்கள் இருவரும் செக்கிங் டேபிளில் சைஸ் லேபிள் பார்ப்பதுபோலப் பார்த்தோம். முதல் எழுத்தே வேறு.

மறுநாள் அவள் கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டு வந்தாள். குறியீடு பொருந்தியது. அன்று இரவு தடங்கல் இல்லாமல் ஏறியது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றுமே இல்லை.

நடுவில் பெயர் கேட்டது. என் பெயரைத் தட்டினேன். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லவில்லை. கணவர் இரண்டு நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

வைஃபை மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு டிரைவர் தனியாகப் போட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.